ஐரிஷ் கூலித் தொழிலாளர் குடும்பங்களின் வேர்: தேடல் அறுந்துபோகும் இடங்களும் மீண்டும் பிடிக்கும் வழிகளும்

அயர்லாந்தில் வேர் கொண்ட முன்னோரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை தடையில்லாமல் போய்விடுகிறார்கள். அதற்கு அப்பால் நூல் அறுந்துவிடுகிறது. நிலமும் வசதியும் இருந்த குடும்பங்களுக்கு உயில், பத்திரம், கல்லறைக் கல்வெட்டு என்று வேறு வழிகள் உண்டு. டப்ளின் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கும், பிறர் வயலில் உருளைக்கிழங்கு தோண்டியவருக்கும், பெல்ஃபாஸ்ட் லினன் ஆலையில் நூல் நூற்ற பெண்ணுக்கும் அவை எதுவும் இல்லை. ஆனாலும் அவர்கள் முற்றாக மறைந்துவிடவில்லை. அரசாங்கம் ஏழையின் பெயரைப் பெரும்பாலும் இரண்டு சமயங்களில் எழுதிவைத்தது: அவரிடம் எதையாவது வசூலிக்க வேண்டியிருந்தபோது, அல்லது அவர் உதவி கேட்டு வாசலுக்கு வந்தபோது. அந்த ஏடுகளை எங்கே தேடுவது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் தேடல் எங்கே நிற்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது.

“அயர்லாந்து ஆவணங்கள் எல்லாம் எரிந்துவிட்டதாகச் சொல்கிறார்களே?”

எல்லாம் எரியவில்லை. இந்த ஒரு வதந்தியை நம்பித் தேடலைக் கைவிட்டவர்கள் ஏராளம். அது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821, 1831, 1841, 1851 கணக்கெடுப்புகளில் பெரும்பகுதியும், அங்கே ஒப்படைக்கப்பட்டிருந்த அயர்லாந்து திருச்சபையின் (புராட்டஸ்டன்ட்) பதிவேடுகளும், உயில்களும் அதில் போயின. 1861, 1871 கணக்கெடுப்புகள் அதில் அழிந்தவை அல்ல. எடுத்த சில காலத்திலேயே அரசே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க்காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன.

மிஞ்சியவற்றைப் பாருங்கள். கத்தோலிக்கப் பங்குகளின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதிகளின்) பதிவேடுகள் அந்தக் காப்பகத்தில் இல்லை, அந்தந்தப் பங்கிலேயே இருந்தன. உழைக்கும் மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் என்பதால் இது பெரும் பேறு. பிறப்பு, இறப்பு, திருமணங்களின் அரசுப் பதிவு வேறு அலுவலகத்தில் இருந்ததால் தப்பியது. வரிக்காக நிலத்தையும் வீட்டையும் மதிப்பிட்ட பட்டியலான கிரிஃபித் மதிப்பீடு அச்சில் வந்திருந்ததால் தப்பியது. அயர்லாந்து திருச்சபைக்குச் செலுத்த வேண்டிய வரியைக் குறித்த தசமபாகப் பதிவேடுகளும் கிடைக்கின்றன. 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுமையாக உள்ளன, அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பழைய கணக்கெடுப்புகளிலும் துண்டுகள் உண்டு: 1821-இல் கேவன், ஃபெர்மனா, கால்வே, மீத், ஆஃபலி கவுண்டிகளின் (மாவட்டங்களின்) சில பகுதிகள், 1831-இல் டெரி, 1851-இல் ஆன்ட்ரிமின் சில பகுதிகள்.

“பிறந்த இடம்: அயர்லாந்து” என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை

மிகவும் பொதுவான சிக்கல் இதுதான். இங்கிலாந்துக் கணக்கெடுப்பில் எழுத்தர் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். உடனே அயர்லாந்துத் தளங்களுக்குப் போய்ப் பெயரைத் தட்டினால், அதே பெயரில் நூற்றுக்கணக்கானோர் வந்து நிற்பார்கள். அவர்களில் ஒருவரை வசதிக்காகத் தேர்ந்தெடுப்பதில்தான் தவறான வம்சாவளிகள் பிறக்கின்றன. ஊர் தெரியாமல் அயர்லாந்துக்குள் நுழையாதீர்கள். ஊரின் பெயரைப் புலம்பெயர்ந்த நாட்டிலேயே தோண்டி எடுக்க வேண்டும்.

ஸ்காட்லாந்துக்குப் போன குடும்பம் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அங்கே 1855 முதல் திருமண, இறப்புச் சான்றிதழ்களில் தாய் தந்தை இருவர் பெயரும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரோடு இருக்கும். அதைவிடப் பெரிய புதையல் கிளாஸ்கோவின் ஏழையர் உதவி விண்ணப்பங்கள். மிச்செல் நூலகத்தில் நகர ஆவணக் காப்பகம் அவற்றை வைத்திருக்கிறது. உதவி கேட்டு வந்தவரை அதிகாரி குறுக்கு விசாரணை செய்து, அயர்லாந்தில் பிறந்த இடம், பெற்றோர், கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், முன்பு குடியிருந்த முகவரிகள் என்று எல்லாவற்றையும் எழுதினார். உதவியை மறுக்க ஏதாவது காரணம் கிடைக்குமா என்று பார்ப்பதும் அந்த விசாரணையின் ஒரு நோக்கம். இன்று நமக்கு அது ஒரு குடும்பத்தின் முழு வரலாறு.

அமெரிக்கா என்றால் நியூயார்க்கின் எமிகிரன்ட் சேவிங்ஸ் பேங்க். 1850-இல் தொடங்கிய இந்த வங்கியில் கணக்கு வைத்தவர்களில் வீட்டு வேலை செய்த பெண்களும் கூலி ஆட்களும் நிறைய. கையெழுத்துப் போடத் தெரியாதவரை அடையாளம் காண, வங்கி அவரது கவுண்டி, பங்கு, வந்த கப்பல், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகிய விவரங்களைக் கேட்டு எழுதிவைத்தது. மூலப் பதிவேடுகள் நியூயார்க் பொது நூலகத்தில் உள்ளன. பாஸ்டன் பைலட் பத்திரிகை 1831 முதல் 1921 வரை வெளியிட்ட காணாமல் போனோர் விளம்பரங்களையும் தேடுங்கள். அண்ணனைத் தேடும் தங்கை, கணவனைத் தேடும் மனைவி எனப் பலர் கொடுத்தவை அவை. பல விளம்பரங்களில் கவுண்டியும் பங்கும் மட்டுமல்லாமல் சிற்றூரின் பெயர்கூட இருக்கும்.

உங்கள் நேரடி மூதாதையரைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் அவருடைய அண்ணன், தங்கை, அவர் திருமணத்துக்குச் சாட்சி நின்றவர், அதே தெருவில் குடியிருந்த அதே கவுண்டிக்காரர் என்று வட்டத்தை விரியுங்கள். ஏழைகள் தனியாகக் கடல் கடக்கவில்லை. முன்னால் போனவர் அனுப்பிய பணத்தில்தான் அடுத்தவர் டிக்கெட் வாங்கினார். ஒருவருடைய ஊர் கிடைத்தால் பெரும்பாலும் மற்றவருடையதும் கிடைத்துவிடும்.

ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டது, வரைபடத்தில் அப்படி ஓர் ஊரே இல்லை

அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவு டவுன்லேண்ட். நாடு முழுவதும் 60,000-க்கும் மேல் உண்டு. சிலவற்றில் ஐந்தாறு வீடுகள், சிலவற்றில் இன்று ஒரு வீடுகூட இல்லை. மூதாதையர் “என் ஊர்” என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான். வெளிநாட்டு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். எனவே எழுத்தை விட்டுவிட்டு உச்சரிப்பைப் பிடியுங்கள். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, லொகயின்ம் என்ற அரசு இடப்பெயர்த் தளத்தில் அந்தக் கவுண்டிக்குள் மட்டும் ஒத்த ஒலிகளைத் தேடுங்கள்.

பெயர் மாறிய இடங்களையும் மறக்க வேண்டாம். கிங்ஸ் கவுண்டி இன்றைய ஆஃபலி, குவீன்ஸ் கவுண்டி லீஷ், குவீன்ஸ்டவுன் கோவ், கிங்ஸ்டவுன் டன் லேரி, மேரிபரோ போர்ட்லீஷ்.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கல்: ஊர் ஒரு கவுண்டியில் இருக்க, பிறப்புப் பதிவு பக்கத்துக் கவுண்டியின் பெயரில் கிடைக்கிறது. பிழை ஏதுமில்லை. அரசுப் பதிவு மாவட்டங்கள் ஏழையர் சட்ட யூனியன்களின், அதாவது ஏழையர் உதவிக்காகப் பிரித்த வட்டாரங்களின், எல்லையை ஒட்டியவை. ஒரு சந்தை நகரத்தைச் சுற்றி அமைந்த அந்த யூனியன்கள் கவுண்டி எல்லையைப் பொருட்படுத்தவில்லை. தெற்குக் கில்கென்னியில் பிறந்த குழந்தை வாட்டர்ஃபோர்டு யூனியனில் பதிவாகியிருக்கலாம். பாலினஸ்லோ யூனியன் கால்வே, ராஸ்காமன் இரண்டிலும் கால் பதித்திருந்தது. கத்தோலிக்கப் பங்கின் எல்லை இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. ஆகவே ஒரு டவுன்லேண்டுக்குக் கவுண்டி, அரசு பாரிஷ் (அரசு நிர்வாகத்துக்கான பிரிவு), யூனியன், கத்தோலிக்கப் பங்கு ஆகிய நான்கையும் முதலிலேயே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர் எங்குமே அகப்படவில்லை

எழுத்துக்கூட்டல் நிலையாக இல்லாத காலம் அது. ஓ, மக் என்ற முன்னொட்டுகள் ஒரு தலைமுறையில் உதிர்ந்து அடுத்ததில் திரும்ப வரும்; சல்லிவனையும் ஓசல்லிவனையும் சேர்த்தே தேடுங்கள். சில குடும்பப் பெயர்கள் ஆங்கிலமாக்கப்பட்டன. கேவன் கவுண்டியில் மக்கவன் குடும்பங்கள் பல ஸ்மித் ஆயின. கான்னமாராவில் கான்ராய் குடும்பங்கள் சில கிங் ஆயின.

கத்தோலிக்கப் பதிவேடு லத்தீனில் இருந்தால் ஜேம்ஸ் என்பவர் யாகோபுஸ் ஆகவும், வில்லியம் குலியெல்முஸ் ஆகவும் நிற்பார்கள். தெற்கு மாகாணமான மன்ஸ்டரில் ஜெரமையா, டார்பி, டியர்மிட் மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். ஓவனும் யூஜினும் அப்படியே. பிரிட்ஜெட் என்று முழுக்குப் பெற்ற பெண் அமெரிக்காவில் டீலியாவாக இறந்திருப்பார்.

அட்டவணையில் கிடைக்காவிட்டால் மூலப் பக்கத்துக்குப் போங்கள். அயர்லாந்து தேசிய நூலகம் 2015-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் பதிவேட்டு மைக்ரோஃபிலிம்களை இலவசமாக இணையத்தில் ஏற்றியது. பெரும்பாலும் 1880 வரை. மங்கிய மையும் பாதிரியாரின் கிறுக்கலும் அட்டவணை தயாரித்தவரை ஏமாற்றியிருக்கும். அந்தப் பங்கை அறிந்த நீங்கள் பக்கம் பக்கமாகப் புரட்டினால் கண்ணில் பட்டுவிடும்.

ஒரே பெயரில் பலர், எவர் நம்மவர்?

ஒரே பங்கில், ஒரே பத்தாண்டில், பாட்ரிக் மர்ஃபி என்ற தந்தையும் மேரி என்ற தாயுமாக மூன்று குடும்பங்கள். இங்கே பெயர் உதவாது, சுற்றியிருப்பவர்கள்தான் உதவுவார்கள்.

திருமுழுக்குப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் பெரும்பாலும் இருக்கும். இங்கிலாந்தின் பங்குப் பதிவேடுகள் பலவற்றில் கிடைக்காத விவரம் இது. மேரி கெல்லி, மேரி பர்க், மேரி டோலன் என்று பிரித்துவிட்டால் மூன்று குடும்பங்களும் தனித்தனியாக விலகிவிடும். தாயின் பெயரும் ஒன்றாகவே இருந்துவிட்டால், ஞானப் பெற்றோரை, அதாவது திருமுழுக்கில் குழந்தைக்குப் பொறுப்பேற்றவர்களைப் பாருங்கள். அவர்கள் பெரும்பாலும் பெற்றோரின் உடன்பிறந்தோர் அல்லது பக்கத்து வீட்டார். ஒரு தம்பதியின் எல்லாப் பிள்ளைகளின் திருமுழுக்கையும் ஒரே தாளில், ஞானப் பெற்றோர் பெயரோடு, ஆண்டு வரிசையில் எழுதுங்கள். இரண்டு குடும்பங்கள் கலந்திருந்தால் தாளிலேயே தெரிந்துவிடும்: ஆறு மாத இடைவெளியில் இரண்டு குழந்தைகள், திடீரென்று முற்றிலும் வேறு வட்டத்து ஞானப் பெற்றோர். குழந்தைகளுக்கு இடையே இடைவெளி சரியாக இருந்து, ஒரே பெயர் இருமுறை வந்தால் வேறு பொருள்: முதல் குழந்தை இறந்து, அதன் பெயரை அடுத்ததற்கு வைத்திருக்கிறார்கள்.

மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர் என்று ஒரு வழக்கம் இருந்தது. அதைத் துப்பாக வைத்துக்கொள்ளலாம், சான்றாக அல்ல.

கிரிஃபித் மதிப்பீட்டிலும் ஒரு வசதி உண்டு. ஒரே டவுன்லேண்டில் ஒரே பெயரில் இருவர் இருந்தால், தந்தையின் பெயரையோ ஏதாவது அடைமொழியையோ பக்கத்தில் சேர்த்திருப்பார்கள். திருமணம் வழக்கமாகப் பெண் வீட்டாரின் பங்கில் நடந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். மாப்பிள்ளையின் பங்கில் திருமணப் பதிவு இல்லை என்றால் அது கோளாறே அல்ல.

வயது பொருந்தவே இல்லை

1901 கணக்கெடுப்பில் 56 வயது, 1911-இல் 71. அதே வீடு, அதே மனைவி, அதே பிள்ளைகள். வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1909 ஜனவரி 1 முதல் 70 வயது நிறைந்த ஏழைகளுக்கு முதியோர் ஓய்வூதியம் கிடைத்தது. முழுத்தொகை வாரம் 5 ஷில்லிங். 1864-க்கு முன் பிறந்த கத்தோலிக்கருக்கு அரசுப் பிறப்புச் சான்று கிடையாது. பலருக்குத் தங்கள் வயது உண்மையிலேயே தெரியாது. 1839 ஜனவரி 6 இரவு வீசிய பெருங்காற்று நினைவிருக்கிறதா என்று கேட்டு வயதை நிர்ணயித்த காலம் அது. இரண்டு கணக்கெடுப்புகளுக்கும் இடையே வயது ஏறியதற்கு இதுவே பெரும் காரணம். பொதுவாக 1901-இல் சொன்ன வயதைக் கூடுதலாக நம்புங்கள். அதிலும் 40, 50, 60 என்று முழு எண்ணாக இருந்தால் இரு பக்கமும் ஐந்தாண்டு விட்டுத் தேடுங்கள்.

இந்த ஓய்வூதியம் நமக்கு வேறொரு பெரிய கொடையையும் விட்டுப்போனது. வயதை நிரூபிக்க, 1841, 1851 கணக்கெடுப்புகளில் தங்கள் பெயரைத் தேடித் தரும்படி முதியவர்கள் விண்ணப்பித்தார்கள். அந்தக் கணக்கெடுப்புகள் பின்னர் எரிந்தன. தேடல் படிவங்கள் பிழைத்தன. விண்ணப்பித்தவரின் பெற்றோர் பெயர், பல சமயம் தாயின் பிறந்த வீட்டுப் பெயர், குழந்தையாக இருந்தபோது குடியிருந்த டவுன்லேண்ட் ஆகியவை அவற்றில் இருக்கும். தேடலில் ஆள் கிடைத்திருந்தால், அந்த வீட்டில் இருந்தவர்கள் விவரமும் சில படிவங்களில் குறிக்கப்பட்டிருக்கும். தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இவற்றைத் தனியாகத் தேடலாம். உங்கள் மூதாதையர் 1909-க்கு முன்பே இறந்துவிட்டாலும், ஊரில் தங்கிவிட்ட தம்பியோ தங்கையோ விண்ணப்பித்திருக்கக்கூடும்.

பிறப்புச் சான்றிதழின் தேதிக்குச் சில நாள் முன்பே திருமுழுக்கு நடந்ததாகத் தெரிந்தால், திருமுழுக்கையே நம்புங்கள். தாமதமாகப் பதிந்தால் அபராதம் உண்டு என்பதால் பிறந்த தேதியைத் தள்ளிச் சொல்வது வழக்கமாக இருந்தது.

கிரிஃபித் மதிப்பீட்டிலும் இல்லை, தசமபாகப் பதிவேட்டிலும் இல்லை

எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது. தசமபாகப் பதிவேடுகள், 1823 முதல் 1838 வரை, விவசாய நிலம் வைத்திருந்தவர்களைப் பற்றியவை. 1847 முதல் 1864 வரை வந்த கிரிஃபித் மதிப்பீடு குடியிருப்பவரின் பெயரைச் சொல்லும். ஆனால் தலைக்கட்டின் பெயரை மட்டும். ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள மண் குடிசைக்காரர்கூட அதில் இருப்பார், நிலத்துக்குரிய கட்டம் வெறுமையாக. மாமனார் வீட்டில் ஒண்டியவர், பண்ணையில் தங்கி வேலை செய்தவர், நகரத்து வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தவர் இருக்க மாட்டார்கள். டப்ளினில் ஒரு வீடு முழுக்கக் குடித்தனக்காரர்கள் என்று மட்டும் குறித்துவிட்டு நகர்ந்திருப்பார்கள்.

1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சமும் ஒரு காரணம். 1841-இல் 81 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1851-இல் சுமார் 65 லட்சம். 1847-இல் வந்த ஏழையர் உதவிச் சட்டத்தின் ஒரு பிரிவு, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு உதவி இல்லை என்றது. கஞ்சிக்காக நிலத்தை விட்டுக்கொடுத்தவர்கள் பலர். நில அளவையாளர் வருவதற்குள் அவர்களின் பெயர் ஊரிலிருந்து போய்விட்டிருந்தது.

ஆகவே, வேறு ஏடுகள். முதலில் சில்லறை வழக்குகளை விசாரித்த பெட்டி செஷன்ஸ் நீதிமன்றங்களின் பதிவேடுகள். குற்றம் செய்தவர்களின் ஏடு என்று நினைத்து ஒதுக்க வேண்டாம்; ஊரில் பாதிப் பேர் அதில் இருப்பார்கள். கழுதை சாலையில் திரிந்தது, வண்டியில் உரிமையாளர் பெயர் எழுதவில்லை, உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தார், சந்தை நாளில் குடித்திருந்தார். வழக்குத் தொடுத்தவர், எதிராளி, சாட்சி என்று ஒவ்வொருவரின் பெயரும், பெரும்பாலும் டவுன்லேண்டும் உண்டு. 1866 முதல் நாய் உரிமப் பதிவேடுகளும் தனியே இருக்கின்றன. நிலமே இல்லாத கூலியாளிடமும் ஒரு நாய் இருந்தது. பெயர், ஊர், நாயின் நிறம் எல்லாம் அந்த ஏட்டில் எழுதப்பட்டன.

அடுத்து சிறைப் பதிவேடுகள். உயரம், கண்ணின் நிறம், தலைமுடி, தழும்பு, பிறந்த ஊர், தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா என்பதுவரை உண்டு. புகைப்படம் எடுத்துக்கொள்ளவே வாய்ப்பில்லாத ஒரு மனிதரின் முகம் அங்கேதான் நமக்குக் கொஞ்சம் தெரிகிறது.

பிறகு வொர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழையர் விடுதிகளின் சேர்க்கைப் பதிவேடு. பெயர், வயது, மதம், தொழில், வந்தபோது உடல் இருந்த நிலை, வசித்த டவுன்லேண்ட், வெளியேறிய அல்லது இறந்த நாள் என்று கட்டங்கள் நீளும். எல்லா யூனியன்களிலும் இவை பிழைக்கவில்லை. டப்ளினின் வடக்கு, தெற்கு யூனியன்களில் நன்றாகக் கிடைக்கின்றன. நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகள் பல ஊர்களில் கிடைத்தாலும் அவற்றில் விடுதியில் இருந்தவர்களின் பெயர் அரிதாகவே வரும். ஆகவே, கேட்கும்போது சேர்க்கைப் பதிவேடு என்றே குறிப்பிட்டுக் கேளுங்கள்.

டப்ளின் குடும்பம் என்றால் 1832-இல் திறந்த கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்தின் பதிவுகள், கின்னஸ் பீர் ஆலையின் ஊழியர் ஆவணங்கள், ரயில்வே தொழிலாளர் பதிவுகள் ஆகிய மூன்றும் பலன் தரும்.

1901, 1911 கணக்கெடுப்புக்கு வந்தாலும் குடும்பப் படிவத்தோடு நிற்காதீர்கள். வீட்டுக்கான பி1 படிவம் அதே இடத்தில் இருக்கிறது. சுவர் கல்லா மண்ணா, கூரை ஓடா வைக்கோலா, எத்தனை அறை, முகப்பில் எத்தனை ஜன்னல் என்று புள்ளி போட்டு வீட்டைத் தரம் பிரித்திருப்பார்கள். டப்ளின் ஹென்ரியெட்டா தெரு 14-ஆம் எண் வீட்டில் 1911-இல் சுமார் நூறு பேர் இருந்தது இப்படித்தான் நமக்குத் தெரிகிறது. 1911 குடும்பப் படிவத்தில் மணமான பெண்களிடம் உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை என்றும் கேட்டார்கள். 11, 6 என்று இரண்டு எண்கள் இருந்தால், ஐந்து இறப்புப் பதிவுகளை நீங்கள் இன்னும் தேட வேண்டியிருக்கிறது. தேடுங்கள். அந்தக் குழந்தைகளும் அந்தக் குடும்பம்தான்.

இளைஞன் திடீரென்று காணாமல் போகிறான்

ராணுவத்தைப் பாருங்கள். 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் படை வீரர்களில் ஐந்தில் இருவர் ஐரிஷ்காரர்கள். ஓய்வூதியம் பெற்ற வீரர்களின் தாள்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 97 என்ற தொகுதியில் உள்ளன. பிறந்த பாரிஷும் முந்தைய தொழிலும் அவற்றில் இருக்கும். ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி காவலர்களின் பணிப் பதிவுகளும் கியூவில்தான்.

சென்னைக்கு நேரடித் தொடர்பு இங்கே வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அயர்லாந்திலும் ஆள் சேர்த்தது. கம்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவு பிறகு ராயல் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் ஆகி, 1881-இல் பம்பாய்ப் பிரிவோடு இணைந்து ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆனது. சென்னையில் வேர் உள்ள ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்றின் ஐரிஷ் மூதாதையரைத் தேடினால், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 என்ற தொகுதியில் தொடங்குங்கள். மெட்ராஸ் மாகாணத்தின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவுகள் அதில் உள்ளன. திருமணப் பதிவிலிருந்து படைப்பிரிவு, படைப்பிரிவிலிருந்து சேர்க்கைப் பதிவு, அங்கிருந்து அயர்லாந்து ஊர் என்று பின்னோக்கிப் போகலாம்.

பங்குப் பதிவேடே தாமதமாகத்தான் தொடங்குகிறது

மேற்குக் கடற்கரையில் இது சகஜம். மேயோ, கால்வே, டோனிகல் பகுதிகளில் பல பங்குகளின் ஏடுகள் 1830-களிலோ 1850-களிலோதான் ஆரம்பிக்கின்றன. அதற்கு முன் இருந்தவர்களை அடைய, பிந்தைய ஆவணங்களில் தந்தை பெயர் எங்கே வருகிறது என்று பாருங்கள்: 1864-க்குப் பிறகு நடந்த இரண்டாம் திருமணம், இளைய உடன்பிறப்பின் திருமணம், ஓய்வூதியத் தேடல் படிவம். நிலக்கிழார் குடும்பத்தின் வாடகைக் கணக்குகள் டப்ளின் தேசிய நூலகத்திலோ பெல்ஃபாஸ்டில் உள்ள வடக்கு அயர்லாந்து பொது ஆவண அலுவலகத்திலோ இருக்கலாம். கிரிஃபித் மதிப்பீட்டில் நிலத்தை உடனடியாகக் குத்தகைக்கு விட்டவர் யார் என்று பார்த்தால் எந்தக் குடும்பத்தின் தாள்களைக் கேட்பது என்று தெரியும்.

அதிலும் கிடைக்காவிட்டால், நிரூபிக்கப்பட்ட கடைசித் தம்பதியோடு மரத்தை நிறுத்துங்கள். அதற்கு மேல் நீங்கள் ஊகிக்கும் பெயர்களை, எந்த ஞானப் பெற்றோர், எந்த டவுன்லேண்ட் என்ற காரணத்தோடு தனித் தாளில் எழுதி வையுங்கள். புதிய துண்டுகள் இன்னும் வெளிவந்துகொண்டிருக்கின்றன. 2022-இல் தொடங்கிய அயர்லாந்தின் மெய்நிகர் ஆவணக் கருவூலம் எரிந்த ஏடுகளின் நகல்களை வேறு காப்பகங்களிலிருந்து திரட்டி ஏற்றிவருகிறது. அந்தத் தனித் தாளில் உள்ள டவுன்லேண்ட் பெயர்களை ஆண்டுக்கொருமுறை அங்கே தேடிப் பாருங்கள்.